மூணாம் நம்பர் மெசினும் ராகு காலமும்

அடுத்தவன் பிளாப்பிய நம்ம மெசின்ல சொருகறது இருக்கே, அது யாரோ எச்சில் பண்ண டம்ளர்ல தண்ணி குடிக்கற மாதிரி; ஆனா கொரட்டூர்ல எல்லாருக்கும் அந்த டம்ளர்தான் வேணும். கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்துல மெசின் நம்மள திட்டறத பாத்து சுவிட்ச அணைச்சிட்டு ஓடினவங்களே, உங்களுக்குத்தான் இத எழுதறேன். மத்தவங்க சும்மா படிச்சிட்டு போங்க.

செருப்பு வெளிய

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி வருசம். ஊடு முத்தாபுதுப்பேட்டை. ப்ராஜெக்ட் முடிக்கலன்னா டிகிரி கிடையாது. ஆனா காலேஜ் கம்ப்யூட்டர் ரூம்ல பையனுங்க காலைல உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பானுங்க. கேட்டா, "நீ பக்கத்துல நின்னு பாரு"ம்பானுங்க. நின்னு பாக்கறதுக்கு இன்னா, அது தேரா?

அதனால கொரட்டூர் ஸ்டேசன் பக்கத்துல சம்பத் அண்ணனோட கம்ப்யூட்டர் சென்டர்ல சேந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திகினு இருந்தவரு. போர்ட மாத்தி, ஒரு ஏசிய மாட்டி, கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கிட்டாரு. ஒப்பந்தம் இதுதான். வர்றவங்களுக்கு சாஃப்ட்வேர் போட்டுத் தர்றது என் வேலை. பதிலுக்கு மூணாம் நம்பர் மெசின்ல நான் ப்ராஜெக்ட் பண்ணிக்கலாம். நான் போட்டது எதனாலயாவது ஒரு மெசின் படுத்துச்சுன்னா அன்னையோட எனக்கு மெசின் கிடையாது.

முதல் நாளே நானும் சட்டம் போட்டேன். வெளிய இருந்து எந்த பிளாப்பி வந்தாலும், முதல்ல நம்ம சுத்தமான பூட் பிளாப்பிய போட்டு மெசின கிளப்பணும். அப்புறம் வந்த பிளாப்பில வைரஸ் இருக்கான்னு ஸ்கேன் பண்ணணும். அதுக்கப்புறம்தான் இன்ஸ்டால். அண்ணன் பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, ஏசி ரூம் வாசல்ல வரிசையா கெடந்த செருப்புங்கள காட்டினாரு. "செருப்ப வெளிய உட்டுட்டுத்தானே எல்லாம் உள்ள வருது? அப்புறம் மெசினுக்கு இன்னா வந்துடப் போவுது?"

பிளாப்பிக்கு பொட்டு

சதுர அட்டை மாதிரி இருக்கற அந்த பெரிய பிளாப்பி ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு இருக்கும். அத ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மூடிட்டா, அந்த பிளாப்பில எதுவும் எழுத முடியாது. வைரசும் எழுத முடியாது. பிளாப்பி வாங்கறப்ப கூடவே தர்ற அந்த ஸ்டிக்கரெல்லாம் தீந்து போச்சு. அண்ணன கேட்டா நாளைக்கும்பாரு. நாளைக்கு கேட்டா சிரிப்பாரு. கடுப்பாகி, என் ஸ்டிக்கர் பொட்ட எடுத்து ஒட்டினேன், பெரிய மெரூன் கலர் பொட்டு. பிரமாதமா வேலை செஞ்சுது. அதோட, பொட்டு வெச்ச பிளாப்பின்னா எவனும் பயபக்தியா தொடாமயே போனான். இவ்ளோ நாளா நான் கத்தினதுக்கு கூட அந்த மரியாதை கிடைக்கல.

அண்ணனுக்கு ரொம்ப புடிச்சுப் போயி, அவரே கடைக்குப் போயி ஒரு அட்டை பொட்டு வாங்கி சட்டைப் பையில வெச்சிருக்காரு. துவைக்கறப்ப அது அண்ணி கையில கெடைச்சிருக்கு. மறுநாள் அண்ணி சென்டருக்கே வந்துட்டாங்க. முதல்ல என் நெத்திய பாத்தாங்க. எனக்கு வந்த கோவத்துல பிளாப்பி டப்பாவ தெறந்து முன்னாடி வெச்சிட்டேன். ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாங்க. கோவம் தணிஞ்சிடும்னு நெனைச்சேன். இன்னும் ஏறிப் போச்சு. "கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்கு ஒரு பொட்டு வாங்கியாந்தது இல்ல இந்த மனுசன். இந்த பிளாப்பி அட்டைக்கு வாங்கி வெக்கறாரு."

மச்சான் குடுத்த சாஃப்ட்வேர்

அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறை வெச்சிருக்கற துரை அண்ணாத்தே, பில் போடற சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணணும்னு கூப்ட்டாரு. சாஃப்ட்வேர் அவரு பொண்டாட்டியோட அண்ணன் கம்பெனில காப்பி பண்ணது. வழக்கம்போல என் பூட் பிளாப்பிய போட்டு, மச்சான் பிளாப்பிய ஸ்கேன் பண்ணேன். வைரஸ் இருந்துச்சு. சொன்னேன். அவரு மூஞ்சி செவந்து போச்சு. சம்பந்தி ஊட்டு சீர்வரிசை தட்ட, அவங்க எதிர்லயே உரைகல்லுல தேச்சுப் பாத்த மாதிரி ஆயிடுச்சு அவருக்கு.

கிளீன் பண்ணித் தரேன்னேன். வேணாம், அது வந்த மாதிரியே இருக்கணும்னாரு. வேற காப்பி வாங்கித் தரேன்னேன். அப்ப மச்சான் குடுத்தது குப்பையான்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் போட மாட்டேன்னு எழுந்துட்டேன். அவரே சொருகி, அவரே போட்டுகினாரு. மனசு கேக்காம, பொட்டு வெச்ச பூட் பிளாப்பி ஒரு காப்பிய அவரு மேசை மேல வெச்சிட்டு, மெசின் படுத்தா இத போடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். கேட் வரைக்கும் கூடவே வந்தாரு. "மெசினு கெட்டா வேற மெசினு வாங்கிக்கலாம் பாப்பா. மச்சான் மூஞ்ச திருப்பிக்கினா நான் எங்க போயி வாங்கறது?"

ஆறாவது பிளாப்பி

ஜாதகம் கணிக்கற சாஃப்ட்வேர் வந்துச்சு. பாரிவாக்கத்துல இருந்து ஒரு ஜோசியர் மஞ்சக் கயிறு கட்டின ஆறு பிளாப்பியோட வந்தாரு. பிரிண்டர் இருக்கறது மூணாம் நம்பர்ல மட்டும்தான். அதுலதான் போடணும்னாரு அண்ணன். என் ப்ராஜெக்ட் இருக்கற மெசின். வெள்ளிக்கெழமை, பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முடிக்கணும்னாரு ஜோசியர்.

நான் ஸ்கேன் பண்ணாம போட மாட்டேன்னேன். பூஜையில வெச்சு எடுத்ததுன்னாரு. பூஜையில வெச்சா வைரஸ் செத்துடுமான்னு கேட்டேன். அண்ணன் என்னைப் பாத்து கண்ண உருட்டினாரு. உருட்டட்டும்னு கயித்த அவுத்து எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணேன். சுத்தமாத்தான் இருந்துச்சு. இன்ஸ்டால ஆரம்பிச்சேன். அஞ்சு பிளாப்பி முடிஞ்சுது. ஆறாவத போடுன்னு மெசின் கேட்டுச்சு. கையில எடுத்துட்டேன். அண்ணன் கடிகாரத்த பாத்து என் கைய புடிச்சிட்டாரு. பத்தரை. பாதியில நிறுத்தக் கூடாதுன்னு கத்தினேன். மெசின் பாவம், ஸ்கிரீன்ல பிளாப்பி கேட்டுகினே இருந்துச்சு. ஜோசியர் மட்டும் பதறவே இல்ல. "கேக்கட்டும்மா. பன்னெண்டு மணிக்கு குடுக்கலாம். பொறுத்திருக்கறது மெசினுக்கும் நல்லது."

பரிகாரம்

நான் வெளிய போயி, கோவம் போக டீ குடிச்சிட்டு வந்தேன். அதுக்குள்ள ரெண்டு வேலை நடந்துடுச்சு. ஒண்ணு, கரண்ட் போயி திரும்ப வந்துச்சு. இன்னொண்ணு, பாதியில நின்ன காரியத்துக்கு பரிகாரம்னு அண்ணன் டப்பாவுல இருந்த பிளாப்பிக்கெல்லாம் சந்தனம் கரைச்சு, குங்குமம் வெச்சிட்டாரு. ஸ்டிக்கர் பொட்டு நிஜப் பொட்டு ஆவாதாம். வெச்ச எடம்தான் விசேசம். பிளாப்பிக்கு நடுவுல நீளமா ஒரு ஓட்டை இருக்கும், மெசின் படிக்கறதே அது வழியாத்தான். பாக்க நெத்தி மாதிரியே இருக்குன்னு அங்கயே வெச்சிருக்காரு.

மூணாம் நம்பர ஆன் பண்ணா கிளம்பல. பாதி இன்ஸ்டால், ஸ்டார்ட் ஆகற ஃபைல மாத்தி வெச்சிருக்கு. பூட் பிளாப்பிய போட்டேன். அம்மில மஞ்சள் அரைக்கற சத்தம் வந்துச்சு. சந்தனம். என் ப்ராஜெக்ட்டுக்கு காப்பி எடுத்து வெச்சிருந்தேன். அதுவும் அதே டப்பா, அதே சந்தனம். மூணு மாச வேலை அந்த செத்த மெசினுக்குள்ள மாட்டிகினு இருக்கு. நான் அழுதேனா திட்டினேனான்னு ஞாபகமில்ல, ரெண்டும்தான்னு நெனைக்கறேன். அண்ணன் கைய தொடச்சிகினே சொன்னாரு. "ஸ்கேன் ஸ்கேன்னு நீ நேரத்த ஓட்டுனதாலதான ராகு காலம் வந்துச்சு? சாயங்காலத்துக்குள்ள மெசினு ஓடலன்னா நம்ம பேச்சு அவ்ளோதாம்மா."

மழை

அப்பதான் துரை அண்ணாத்தே ஞாபகம் வந்துச்சு. அம்பத்தூருக்கு ஓடினேன். பட்டறையில ஒரு லேத்தும் ஓடல. ஆளுங்கெல்லாம் கம்ப்யூட்டர சுத்தி நின்னுகினு இருக்காங்க. மச்சான் குடுத்த வைரஸ் வேலைய காட்டிகினு இருக்கு. பில்லுல இருக்கற எழுத்தெல்லாம் ஒண்ணொண்ணா கழண்டு மழை மாதிரி கீழ உழுது. ஒவ்வொண்ணு உழறப்பவும் விசில் அடிக்கறாங்க.

என் பூட் பிளாப்பி எங்கன்னு கேட்டேன். மெசின் படுத்தப்ப அத போடவே இல்லியாம். அதுல பொட்டு இருந்ததால, கோயில்ல இருந்து வந்ததுன்னு நெனைச்சு அவரு சம்சாரம் மஞ்சத் துணில சுத்தி பீரோவுல வெச்சிட்டாங்களாம். வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர் நான் சொன்னத கேக்காததுக்கு சந்தோசப்பட்டேன். அவரு எடுத்துக் குடுத்துட்டு, உள் ரூம திரும்பிப் பாத்தாரு. அங்க ஒருத்தர் காபி குடிச்சிகினு இருந்தாரு. "மச்சான் வந்துகீறாரு. மெதுவா பேசு பாப்பா. மெசினுக்கு வயசாயி எழுத்து கொட்டுதுன்னு சொல்லி வெச்சிகீறேன்."

ராகு இல்லாத ஜாதகம்

பிளாப்பிய போட்டேன். சென்டர்ல மூணாம் நம்பர் கிளம்புச்சு. முதல் வேலையா என் ப்ராஜெக்ட்ட புது பிளாப்பில எடுத்து, என் பைக்குள்ள வெச்சு ஜிப்ப மூடினேன். ஸ்டார்ட் ஆகற ஃபைல சரி பண்ணேன். ஆறாவது பிளாப்பிய போட்டு இன்ஸ்டால முடிக்கலாம்னு பாத்தா, அண்ணன் அதுக்குள்ள ஜாதக சாஃப்ட்வேர தட்டி, அவரோட ஜாதகத்த பிரிண்ட் எடுத்துட்டாரு. அஞ்சு பிளாப்பிலயே அது ஓடுது. கட்டத்துல எல்லா கிரகமும் இருக்கு. ராகுவும் கேதுவும் மட்டும் இல்ல. அந்த கணக்கு ஆறாவது பிளாப்பில இருந்திருக்கு.

இது தப்பு, முடிச்சாத்தான் சரியா வரும்னு சொல்லிகினே பிளாப்பிய சொருகப் போனேன். ஜோசியர் எழுந்து வந்து குறுக்க நின்னு, இப்படியே இருக்கட்டும்னாரு. ஒரு வாரத்துல சென்டர் வாசல்ல கூட்டம். பொண்ணுக்கு வரன் தட்டிப் போனவங்க, நாகதோசம்னு ஒதுக்கினவங்க, எல்லாருக்கும் தோசமே இல்லாத சுத்த ஜாதகம். காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் மூணாம் நம்பர் பிரிண்ட் அடிச்சிகினே இருந்துச்சு. நான் எப்ப உக்காரறது? ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்னு சண்டை போட்டேன். மெசின்தான் ஓடுதேன்னேன். அண்ணன் தலைய சொறிஞ்சிட்டு, ஜாதகம் பாக்க யாருமே வராத நேரம் ஒண்ணு தெனமும் இருக்குன்னாரு. "ராகு காலத்துல உக்காந்துக்கோம்மா. ஒருத்தன் வாசப்படி மிதிக்க மாட்டான்."

தெனமும் ஒன்றரை மணி நேரம், முழுக்க முழுக்க ராகு காலத்துலயே செஞ்சு பாஸான ப்ராஜெக்ட் என்னுது, அதுல ஒரு வைரஸ் கிடையாது. ஆனா நல்ல நேரத்துல ஆரம்பிச்ச அந்த சாஃப்ட்வேர் இன்னும் ஆறாவது பிளாப்பிக்கு காத்துகினுதான் இருக்கு.