கீழே எழுபது

வடக்கே, கிட்வாய் நகர் பூங்காவில் காலை நடைக்கு வரும் தமிழ்ப் பென்ஷன்காரர்களுக்கு ஒரு வழக்கம். ரத்த அழுத்தத்தில் கீழ் எண்ணை மட்டும்தான் சொல்லிக்கொள்வார்கள்.

"கீழ எழுபது சார்!"

"அச்சா! பில்குல் டீக், ரொம்பச் சரி!"

மேல் எண்ணை யாரும் கேட்பதில்லை. அது வெறும் டென்ஷனாம், வெயிலில் நடந்தாலே ஏறுமாம். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

என் கணவர் அந்தக் கூட்டத்தில் முக்கியப் புள்ளி. வீட்டு மெஷினில் மேலே நூற்று எழுபதைத் தாண்டும். நான் பதறினால், "கீழ பாத்தியா? சின்னப் பையன் பிரஷர்," என்பார். டாக்டரிடம் வர மாட்டார். அந்த எழுபது தந்த தைரியத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் அப்பளமும் மோர் மிளகாயும் வாங்கி வருவார்.

கால் வீங்கிய பிறகுதான் இழுத்துக்கொண்டு போனேன். சிறுநீரக டாக்டர் தமிழ்ப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மேல இவ்வளவு ஏறி, கீழ இவ்வளவு இறங்கியிருக்கே, ரத்தக்குழாய் விறைச்சுப்போனா இப்படித்தாம்மா ஆகும்," என்றார். நல்ல குழாய் இதயத்தின் துடிப்பை விரிந்து கொடுத்துத் தாங்கிக்கொள்ளுமாம். பழைய கேஸ் டியூப் போல விறைத்துவிட்டால், அந்த அடி சிறுநீரகத்தின் மெல்லிய நாளங்களில் போய் விழுமாம். சிறுநீரகம் கெடக் கெடக் குழாய் இன்னும் விறைக்குமாம். மிச்சமிருப்பதைக் காப்பாற்றாவிட்டால் டயாலிசிஸ்தான் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷம் கொண்டாடினோமே, அந்த எழுபதே நோயின் அடையாளம்!

மறுநாள் நானும் பூங்காவுக்குப் போனேன். பெஞ்சில் இருந்த ஒருவர், "எனக்குக் கீழ அறுபத்தெட்டு, ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார்.

"மேல எவ்வளவுண்ணா?"

"அது டென்ஷன்மா, விடுங்க."

"என்ன டென்ஷன்? ஆபீஸ்ல பாதிக் கணக்கைக் காட்டினா விடுவீங்களா? உடம்புக்கு மட்டும் பாதி போதுமா?"

என் கணவர் என்னை அடக்குவார் என்றுதான் நினைத்தேன். செருப்பைப் பார்த்தபடி நின்றவர் பெஞ்சில் இருந்தவரிடம் சொன்னார்:

"எனக்கு மேல நூத்தி எழுபத்தெட்டு சார். கிட்னி பாதி போயிடுச்சு. உங்களுக்கு எவ்வளவு?"