நான் இடம் மாற்றிய வரி

ஜெசிந்தாவின் புரோகிராமைக் கெடுத்தது நான்தான். கை தவறி அல்ல, தெரியாமலும் அல்ல. நன்றாகத் தெரிந்தே கெடுத்தேன்.

நாலு வருடங்களாக இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட, பொறாமைப்பட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சுவாமியார் 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்... மனப்பாரம் இறங்கவில்லை. ஆகவே, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

ஜெசிந்தா என் தம்பியின் மனைவி. குருநகரில் ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு வீடுகளும். கரையோரம் நண்டு பதனிடும் இடமொன்றில் இருவரும் வேலை செய்தோம். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கவேண்டும். நாள் முழுக்க ஈரத் தரையில்தான் நிற்போம். ஐஸில் விரல்கள் விறைத்துப்போகும். அவளுடைய கைகள் அடிக்கடி வெடித்துப் புண்ணாகிவிடும்.

அந்த வருடம் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பெண்களுக்கு இலவசக் கணினி வகுப்பு வைத்தார்கள். நல்லூரிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து பைதன் என்ற கணினி மொழியைப் படிப்பித்தாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு மடிக்கணினி கிடைத்தது.

நான் உயர்தரம் வரை படித்தவள். ஜெசிந்தா இடம்பெயர்வுக்குள் பத்தாம் வகுப்போடு நின்றுபோனவள். நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும் என்று எண்ணியிருந்தேன். எவ்வளவு கர்வம்!

மூன்றாம் கிழமை, லூப் என்றால் என்னவென்று விளங்காமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"படகு ஒவ்வொண்டாக் கரைக்கு வருது மச்சாள். வாற படகுக்கெல்லாம் நாங்கள் ஒரே வேலையைத்தானே திருப்பித் திருப்பிச் செய்யிறம்? உதுதான் லூப்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதுதான் என்னைச் சுட்டது.

இதற்கிடையில் எங்கள் முகாமையாளர் அலுவலகத்துக்குக் கணினி வாங்கினார். ஒவ்வொரு நாளும் படகுகள் கொண்டுவரும் நண்டின் எடையைக் கூட்டித் தருகிற மாதிரி ஏதாவது செய்து காட்டுங்கள், நன்றாகச் செய்பவருக்கு அந்த மேசை வேலை என்று எங்கள் இருவரிடமும் சொன்னார்.

நான் ஆறு படகுக்கு ஆறு பெயர் வைத்து, இடையிடையே கூட்டல் குறி போட்டு ஒன்றைச் செய்தேன். ஏழாவது படகு வந்தால் அது உதவாது. ஜெசிந்தா லூப் போட்டு எழுதினாள். எத்தனை படகு வந்தாலும் அது கூட்டும். பத்து வரிகூட இல்லை... எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா?

காட்டவேண்டிய நாள் காலை, என் அம்மாவுக்கு மருந்து எடுக்க அவள் கிளினிக்குக்குப் போயிருந்தாள். ஆம், என் அம்மாவுக்கு. மடிக்கணினி என் வீட்டு மேசையில் இருந்தது. நான் அவளுடைய புரோகிராமைத் திறந்தேன். மொத்தம் பூச்சியம் என்று தொடங்கும் ஒரு வரி லூப்புக்கு மேலே இருந்தது. அதை வெட்டி லூப்புக்குள் ஒட்டினேன். இனி ஒவ்வொரு படகுக்கும் மொத்தம் மறுபடி பூச்சியமாகிவிடும். கடைசிப் படகின் எடை மட்டுமே மிஞ்சும். பிழை என்று கணினியும் சொல்லாது. அவள் எனக்குச் சொல்லித்தந்ததை வைத்தே இதைச் செய்தேன்.

பின்னேரம் முகாமையாளருக்கு முன்னால் ஜெசிந்தா ஆறு படகின் எடைகளையும் கொடுத்தாள். கடைசிப் படகு ஏழு கிலோ. விடையும் ஏழு என்று வந்தது. திரும்பவும் கொடுத்தாள். திரும்பவும் ஏழு. அவளுடைய கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

"ஒருக்கால் நீங்கள் பாருங்கோ மச்சாள்," என்றாள்.

குனிந்து பார்த்தேன். அந்த வரி என் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறியாததுபோல் அதைத் தூக்கி மேலே வைத்திருந்தாலே போதுமே!

"எனக்கும் விளங்கேல்லை ஜெசிந்தா," என்றேன்.

வரியை மாற்றியது பொறாமை என்று சமாதானம் சொல்லலாம். இந்தச் சொல்லுக்கு என்ன பெயர் வைப்பது?

என்னுடையது சரியாகக் கூட்டியது. வேலை எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, தனக்கு இதெல்லாம் சரிவராது என்றும், எனக்கென்றாலும் கிடைத்ததே என்றும் அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு அவள் வரவில்லை. அதன்பிறகு அந்தக் கணினியைத் தொடவேயில்லை.

இரண்டு மாதத்தில் படகுகள் பத்தாகின. என் புரோகிராம் கைவிட்டது. அப்போது நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஜெசிந்தாவினுடையதை எடுத்து, அந்த வரியை மறுபடி மேலே வைத்து, அலுவலகக் கணினியில் போட்டேன். இன்றுவரை ஓடுவது அதுதான். முகாமையாளர் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்... நான் மறுத்ததில்லை.

சொல்லிவிடுவோம் என்று பலமுறை அவள் வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தருவாள். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

சென்ற வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நான்தான் நிற்கவேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாளாம். தம்பி வந்து சொன்னான். காரணம் கேட்டதற்கு, "பிள்ளை மச்சாளை மாதிரிப் படிக்கோணும்" என்றாளாம்.

மறுக்க ஒரு பொய்கூட எனக்கு வாய்க்கவில்லை. கோவிலில் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஜெசிந்தா, விரலில் துணி சுற்றியபடி. பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமியார் கேட்டார்.

"விட்டுவிடுகிறேன்," என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய் அந்த மேசையில் இருந்தேன்.