நகத்தின் உட்புறம்

என் பார்லர் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு கறுப்பு டப்பா கிடக்கிறது. அந்தக் காலத்தில் கேமராவுக்குப் போடும் பிலிம் ரோல் வருமே, அந்த டப்பா. சாம்பல் நிற மூடி. குலுக்கினால் உள்ளே என்னவோ லேசாக உருளும். கடையில் வேலை பார்க்கும் பெண்கள் அதைப் பார்க்கும்போதெல்லாம், “அக்கா அதுக்குள்ள வைரம் வச்சிருக்காக, தொட்டீகன்னா கைய ஒடிச்சிருவாக” என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துவிட்டு இழுப்பறையைத் தள்ளிவிடுவேன். உள்ளே இருப்பது வைரமில்லை, ஒரு நகம். மெரூன் நிறத்தில், நுனியில் பொன்னிறக் கோடு போட்டு, ஒரு கல்யாணப் பெண்ணின் மோதிர விரலுக்கு நான் வைத்துவிட்ட ஒட்டுநகம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். திண்டுக்கல்லில் அப்போது பார்லர் என்றால் புருவம் எடுப்பது, பேசியல், கல்யாணப் பெண்ணுக்குச் சடை தைப்பது, அவ்வளவுதான். நான் சென்னைக்குப் போய் மூன்று மாதம் விடுதியில் தங்கி அக்ரிலிக் நகம் வைக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். பொடியையும் திரவத்தையும் பிரஷ் நுனியில் குழைத்து, நகத்தின்மேல் சின்ன உருண்டையாக வைத்துப் பரப்பி, இறுகியதும் அராவி வடிவம் கொடுக்கும் வேலை. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருந்தேன். வருகிறவர்கள் அதைப் பார்க்கவில்லையென்றால் நானே கையைக் காட்டிப் பார்க்க வைப்பேன். தலைக்கனம் என்றால் அப்படியொரு தலைக்கனம். ஊரிலேயே எனக்கு மட்டும் தெரிந்த வேலை என்ற நினைப்பில் யார் எது சொன்னாலும் காதில் ஏறாது.

அந்தப் பெண்ணை அவள் அம்மாதான் அழைத்து வந்தார். பூட்டுப் பட்டறை வைத்திருந்தவரின் மகள். இருபத்தொரு வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள். நீட்டச் சொன்னபோதுதான் தெரிந்தது. விரல் நுனிகளில் மெல்லிய கறுப்புக் கோடுகள், எத்தனை தேய்த்தாலும் போகாதவை. நகங்கள் ஓரம் உடைந்து, சதையோடு ஒட்ட வெட்டியிருந்தன. அம்மா கதவைச் சாத்திவிட்டு என் காதருகே குனிந்து சொன்னார். வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து நான்கு வருடம் ஆகிறதாம். பூட்டின் உள்ளே இருக்கும் தகடுகளை அராவிப் பொருத்தும் நுணுக்கமான வேலையை அன்றிலிருந்து மகள்தான் பார்க்கிறாளாம். மாப்பிள்ளை வீடு பழனியை அடுத்த பாலசமுத்திரம் பக்கம், தோப்பும் வயலும் உள்ள குடும்பம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வேலைக்குப் போகாத பெண் வேண்டும் என்று. “பட்டறையில உக்காந்த புள்ளைன்னு தெரிஞ்சா அங்க அவ தல நிமிந்து நடக்க முடியாதும்மா. கை மட்டும் வெளிய தெரியாமப் பாத்துக்கங்க” என்றார். என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக, யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சொன்னேன்.

நலங்குக்கு முந்தின நாள் வரச் சொல்லியிருந்தேன். அதுதான் சரியான நாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு வக்கீல் வீட்டு அம்மா பேசியலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். பெரிய இடத்துச் சகவாசம் அல்லவா, பூட்டுக்காரர் மகளை இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். நலங்கு முடிந்த மறுநாள் வந்தாள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கை வரை நல்லெண்ணெயும் மஞ்சளும் ஊறியிருந்தது. நகத்தின் ஓரங்கள் எல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னேன். துண்டால் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை இருக்கிறது. நகத்தின்மேல் வேர்ப் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் படர்ந்திருக்கும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நகத்தின் மினுமினுப்பு போகிற அளவுக்கு மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தூசியைத் தட்டி, அசிடோனால் ஒவ்வொரு நகமாகத் துடைத்து, காய விட்டு, அதன்பின் அந்த நகத்தை யார் விரலும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரிந்தவள்தான் நான். அன்றைக்கு அசிடோன் பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது, புதுப் பாட்டில் சென்னையிலிருந்து வர வேண்டும். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். கழுவின கைதானே என்று நகத்தைப் பேருக்கு இரண்டு இழுப்பு தேய்த்துவிட்டுப் பொடியை எடுத்தேன்.

அவள் தன் கட்டைவிரல் நகத்தை இன்னொரு விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அக்கா, இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு. செத்த நேரம் தொடச்சிட்டு வைக்கலாமா? நாங்க முலாம் பூசக் குடுக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் அம்புட்டும் போகக் கழுவிருவோம். கைரேக பட்டாக்கூட அந்த எடத்துல முலாம் நிக்காது, உரிஞ்சு வந்துரும்.”

எனக்குச் சுருக்கென்றது. சட்டம் போட்ட சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று. “இது பூட்டு இல்லம்மா, நகம். பேசாம கையக் காட்டு” என்றேன். கையை நீட்டினாள். பத்து விரலையும் முடித்து வண்ணம் பூசியதும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். யாரோ பெரிய வீட்டுப் பெண்ணின் கை போல இருக்கிறது என்றாள். அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவள் என்றே அன்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அலங்காரத்துக்குப் போனபோது, “அக்கா, இந்த மோதிர வெரல் நகத்துல முடி மாட்டுது” என்றாள். முடி மாட்டுகிறது என்றால் நகம் அடியில் பிரிந்து வாய் திறந்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூட அது தெரியும். எடுத்துவிட்டு ஒழுங்காக வைக்க ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் என் வேலையில் தப்பு வந்துவிட்டது என்று அந்தக் கூட்டத்தின் நடுவில் காட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. “புதுசுல அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, பிரிந்த வாயின்மேல் இன்னொரு பூச்சு வண்ணத்தை இழுத்துவிட்டேன்.

தாலி கட்டி முடிந்தது. குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் தேடி எடுக்கும் விளையாட்டு. குறுகிய வாய்க் குடம், உள்ளே மஞ்சள் தண்ணீர். இரண்டு கைகளும் உள்ளே முட்டி மோதின. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கத்தினார்கள். மாப்பிள்ளை சட்டென்று கையை வெளியே எடுத்து, ஜெயித்துவிட்டேன் என்பது போல உயர்த்தினார். அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது மோதிரமில்லை. மெரூன் நிற நகம்.

“அட, மாப்ள பொண்ணு நகத்தையே பிடுங்கிட்டாருப்பா!” என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. அவள் கையை வெளியே எடுத்தாள். வெறும் விரல், உடைந்த நகம், கறுப்புக் கோடுகள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “ஏனுங்க, இதென்னங்க? நகமெல்லாம் இப்படிக் கழண்டு வருது?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கூட்டத்தில் அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்த இரண்டு வீட்டுப் பெண்கள் இருந்தார்கள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. என் நாக்கு முந்திக்கொண்டது.

“நான் நல்லாத்தாங்க வச்சேன். பட்டறையில அரம் பிடிச்ச கை. இரும்புத்தூளும் எண்ணெயும் ஏறிப்போன கையில எதுவும் நிக்காதுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் கையைப் பிடித்து, உள்ளங்கை மேலே வரும்படித் திருப்பி, சந்தையில் காய் பார்ப்பது போல விரல் விரலாகப் பார்த்தார். பிறகு அவள் அப்பா நின்ற பக்கம் திரும்பினார். “ஏனுங்க சம்பந்தி, புள்ள வேலைக்கே போனதில்லைன்னு சொன்னீங்களேங்க?” அந்த மனுசருக்குப் பார்வை சரியாகத் தெரியாது. குரல் வந்த திசையைப் பார்த்துக் கை கூப்பினார். கல்யாணம் நின்றுவிடவில்லை, தாலி ஏறிவிட்டதே. பந்தியும் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எடுத்த படங்களில் எல்லாம் அந்தப் பெண்ணின் கைகள் முந்தானைக்குள் இருந்தன.

நகம் குடத்துப் பக்கத்தில் தட்டில் கிடந்தது. யாரும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி உட்புறத்தைப் பார்த்தேன். ஒழுங்காகத் துடைத்துத் தேய்த்த நகத்தில் ஒட்டியிருந்தால், உட்புறம் சொரசொரப்பாக மங்கிப் போயிருக்க வேண்டும். இது கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது, மஞ்சள் பாரித்து. விரலை வைத்தால் வழுக்கியது. அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. நான் துடைக்காத எண்ணெய் அது. அப்படியே திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் காட்டியிருக்கலாம். பத்தடி தூரம்தான். போட்டோக்காரர் கழற்றிப் போட்டிருந்த பிலிம் டப்பா ஒன்று திண்டில் கிடந்தது. அதில் நகத்தைப் போட்டு மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது அவள் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். “மன்னிச்சிருங்கம்மா. எங்க புள்ள கையால உங்க தொழிலுக்குக் கெட்ட பேரு வந்துருச்சு.” பரவாயில்லை என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு நான் நகம் வைத்த கைகளுக்குக் கணக்கில்லை. ஒன்றுகூடப் பிரிந்து வந்ததில்லை. இரண்டு தடவை துடைப்பேன். நகம் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கிறவரை காத்திருப்பேன். பொடி தோலில் படாமல் ஒரு மயிரிழை இடம் விட்டு வைப்பேன், தோலில் ஏறினால் அங்கிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். நலங்கு ஆன பெண் என்றால் எப்பேர்ப்பட்ட வீடாக இருந்தாலும் கூடுதலாக அரை மணி நேரம். ஊரில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை யார் கையை வைத்து வாங்கினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். அப்பாவைப் பார்க்க வந்தவள், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காகப் புருவம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். முகத்தில் சதை போட்டிருந்தது. பேச்சில் பழனிப் பக்கத்து ‘ங்க’ ஏறியிருந்தது. ஒரு புருவம் முடித்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, “கையக் குடும்மா, நகமும் வச்சு விடுறேன்” என்றேன். அவள் போர்த்தியிருந்த துணிக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாங்க்கா. என் கையில எதுவும் நிக்காதுங்க.”

கோபமே இல்லாமல் சொன்னாள். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பது போல. எட்டு வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து, நகத்தை அவள் உள்ளங்கையில் கவிழ்த்தேன். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். உட்புறத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தாள். பூட்டுத் தகட்டைப் பார்த்துப் பழகிய கண்.

“எண்ணெய்” என்றாள். பிறகு, “எப்பக்கா தெரியும்?”

“அன்னைக்கே.”

கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“இம்புட்டு வருசம் இத வச்சிருந்தீங்களா?” என்றாள். பேச்சு பழைய திண்டுக்கல் பேச்சுக்கே திரும்பியிருந்தது. “எங்க அத்த என்னைய பலகார மாவுல கை வைக்க விட்டதே இல்லக்கா. இரும்புக் கைன்னு சொல்லிருவாங்க. தைப்பொங்கலுக்கு, தீவாளிக்கு, எல்லாத்துக்கும் தள்ளித்தான் நிப்பேன். போன மாசி மாசத்துலதான் தவறுனாங்க. ஒரு வருசம் முன்னாடி குடுத்திருந்தாக்கூட அவங்ககிட்ட காட்டியிருப்பேன்.”

நகத்தை டப்பாவுக்குள் போட்டாள். மூடியை அவளே அழுத்தி மூடி மேசைமேல் வைத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு புருவத்தையும் எடுத்து விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். அவள் மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வந்தது. புருவம் எடுக்கும்போது எல்லோருக்கும் வருவதுதான். பல்லில் நூல் இருந்ததால்தான் மன்னிப்புக் கேட்கவில்லை என்று இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். புருவம் முடிந்து, நூலை எடுத்துவிட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் வரைக்கும் என் வாய் சும்மாதான் இருந்தது.