கொர்னேலியாவின் கல்

1991 கார்த்திகை. நூதனசாலைப் பழம்பொருட்களைச் சரிபார்க்கச் சம்பளமில்லாமல் உதவிக்கொண்டிருந்தேன். நீர்வேலியில் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்துக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. போன வருடப் பட்டியலில் இருந்த ஒரு கல் மட்டும் அங்கே இல்லை. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் இரண்டு வயதில் இறந்த கொர்னேலியா என்ற டச்சுக் குழந்தையின் கல்லறைக் கல் அது.

காவலாளி லியோன் அண்ணையைக் கேட்டேன்.

"என்ரை வீட்டை கிடக்குது, தங்கச்சி. வந்து பாருங்கோ."

லியோன் குருநகர்க் கடற்றொழிலாளி. போரால் கடலுக்குப் போகத் தடை வந்தபின் காவலாளியானவர். போன வருடம் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை விழுந்து இராணுவம் போனதும் சனம் அதன் கற்களைப் பெயர்த்துச் சுமந்தபோது, இந்தக் கல்லைத் தள்ளுவண்டிலில் ஏற்றி நூதனசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான்.

அவர் வீட்டு முற்றத்தில் ஷெல்லடிக்குப் பதுங்கும் பங்கர். அதன் வாசலுக்கு மேல், பனங்குற்றிகளின் மீது அந்தக் கல். எழுத்துள்ள பக்கம் கீழே.

"மழைக்கு எழுத்து அழிஞ்சுபோடும், அதுதான்," என்றார். "பக்கத்து வீட்டிலை ஷெல் விழுந்த அண்டைக்குக் கொண்டுவந்தனான். எனக்கு மூண்டு பிள்ளையள்." பிறகு சிரிக்கப் பார்த்தார். "ஒல்லாந்தர் அந்தக் காலத்திலை எங்கடை கத்தோலிக்கக் கோயிலுகளைப் பூட்டினவங்கள்தானே. உவையள் எங்களுக்கு ஒரு உதவி செய்தால் என்ன?"

"வாயைப் பொத்துங்கோ," என்றார் அவர் மனைவி பெர்னடெட். "ரெண்டு வயதுப் பிள்ளை எந்தக் கோயிலைப் பூட்டினது?"

இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு பெர்னடெட் கொர்னேலியாவின் பெயரையும் கொடுத்திருந்தார். "ஆர் உது, சொந்தமோ?" என்று பெயர்களை எழுதிய கோயில் உபதேசியார் கேட்டாராம். "எங்கடை பங்கரிலை இருக்கிற பிள்ளை எண்டனான்."

கல்லைத் திருப்பிக் கேட்டால் அந்த வாசல் வெறுமையாகிவிடும். இங்கே இருக்கிறது என்று எழுதினால் லியோனின் வேலை போகலாம். இப்படியொரு கேள்வியை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை.

"காணேல்லை எண்டு எழுதிவிடட்டோ, அண்ணை?"

லியோனின் முகம் கறுத்தது. "காணேல்லை எண்டால் களவு போனதெண்டெல்லோ நினைப்பினம்? என்ரை காவலிலை ஒரு சாமானும் களவு போகேல்லை. லியோன் எடுத்தவன் எண்டு எழுதுங்கோ. வேலை போனால் போகட்டும்."

கல்லை அளந்தேன். இடது மூலையில் புதிய உடைவு.

"போன கிழமை ஷெல் துண்டு பட்டது," என்றார் பெர்னடெட். "நானும் பிள்ளையளும் உள்ளுக்கை."

பட்டியலை விரித்தேன். எழுதினேன்: 'நிலை: இடது மூலை உடைந்துள்ளது. இருக்குமிடம்: குருநகர், காவலாளி லியோன் வீடு. எடுத்தவர்: லியோன். பங்கர் வாசலில் பாவனையில் உள்ளது, இப்போது அகற்ற முடியாது.'

லியோன் ஒவ்வொரு சொல்லாக வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அதன் கீழே நானும் வைத்தேன்.