ஐஸ் பெட்டிக்குள் திருக்கை

என் ஐஸ் பெட்டிக்குள் ஷாக் அடிக்கும் திருக்கை ஒன்று உயிரோடு ஒளிந்திருக்கிறது என்று நம்பினேன். மீன் வாங்கி விற்று இருபது வருஷம் ஆனவன் நம்பக்கூடிய விஷயமல்ல. நம்பினேன்.

குடல் புற்றுநோய்க்கு முதல் கீமோ ஏற்றிக்கொண்டு வந்த மூன்றாம் நாள். வீட்டில் சும்மா இருக்கச் சொன்னார்கள். எனக்கு அது வராது. கடியப்பட்டணம் கடற்கரைக்குப் போய்ப் பெட்டிக்குள் கைவிட்டேன். பாரை மீனைத் தொட்டதும் விரல்நுனியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஏறியது. நாலடி பின்னால் குதித்து, ஒரு கம்பை எடுத்து ஐஸைக் கிளற ஆரம்பித்தேன்.

“மக்கா, என்ன தேடுத?” என்றான் கூட்டாளி.

“உள்ள ஒரு திருக்கை கெடக்கு. ஷாக் அடிக்கி.”

“ரெண்டு நாளா ஐஸுல கெடந்தது ஷாக் அடிக்குமா? அதுக்கு கரண்டு பில்லு யாரு கட்டுகா?”

பெட்டியைக் கவிழ்த்தோம். பாரை, விளமீன், நாலு கணவாய். திருக்கை இல்லை. கூட்டாளி வெறுங்கையால் ஐஸை அள்ளிக் காட்டினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

வீட்டில் மனைவி சிரிக்கவில்லை. “மருந்து நரம்பப் பிடிக்கும், குளுந்தது எதையும் தொடப்பிடாதுன்னு நர்ஸம்மா சொன்னாவல்லா? நீங்க தலைய ஆட்டிக்கிட்டுல்லா இருந்தீய.”

ஆட்டினேன். நர்ஸ் அதைச் சொன்ன நேரத்தில், என் அடக்கத்துக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கூட்டம் போதவில்லை.

அடுத்தடுத்த கீமோவில் ஷாக் அதிக நாள் நீடித்தது. வாய் கொப்பளிக்கவும் வெந்நீர். பிறகு விரல்நுனிகள் மரத்தன. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினேன். மீனை அமுக்கினால் சதை திமிறுகிறதா, குழைகிறதா என்று விரல்தான் சொல்லும். அதைக் கேட்டுத்தான் வாங்குவேன். விரல் போனால் எனக்கு மிச்சம் வாய் மட்டும். அது நன்றாகவே இருந்தது.

ஒரு நாள் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவி தரையையே பார்த்தாள். என் காலில் ஒற்றைச் செருப்பு. வாசலிலிருந்து நாற்காலி வரை ரத்தம். வெறுங்காலின் அடியில் சிப்பித் துண்டு குத்தி நின்றது.

“நோவலியா?”

“இல்ல.”

மற்றச் செருப்பு எங்கே கழன்றது என்றும் தெரியவில்லை.

டாக்டர் நரம்பைப் பிடித்த மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதைக் கொண்டு சிகிச்சையை முடித்தார். விரல் திரும்புமா என்று கேட்டேன். சிலருக்குத் திரும்பும் என்றார்.

ஷாக் சில மாதங்களில் போய்விட்டது. மரப்பு போகவில்லை. சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது மீனை அமுக்கிப் பார்ப்பது மனைவி. நான் விலை பேசுகிறேன்.