பெயரில்லாத பொட்டலம்

ஒரு கையில் தேநீரைப் பிடித்தபடி, மறுகையால் டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கிறாள் ஸ்டோர் அக்கா. இடம் குறைந்திருந்தால் தேநீர் ஆறிப்போகும். பெரும்பாலும் ஆறித்தான் போகிறது.

அலுவலகத்தில் எழுதும் ஒவ்வொரு மென்பொருளும், ஓடுவதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டு அவளுடைய சர்வருக்கு வரும். அதை இமேஜ் என்பார்கள். வேண்டியவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். வெளியார் கிடங்கை நம்பாமல் சொந்தமாக வைத்திருப்பதால் காவல் காப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் இவள் தலையில். "பொட்டலம் மடிக்கிற வேலையா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டதற்கு, "மடிக்கிறது அவங்க, மாரடிக்கிறது நான்" என்றாளாம்.

அவளுக்கு இன்றுவரை பிடிபடாத சொல் 'லேட்டஸ்ட்'. எல்லாரும் தங்கள் பொட்டலத்துக்கு அந்தச் சீட்டைத்தான் ஒட்டுகிறார்கள். புதிது வந்ததும் சீட்டு அதற்குத் தாவிவிடும். பழையது பெயரில்லாமல் கிடக்கும். "நேத்து லேட்டஸ்டா இருந்தது இன்னிக்கு யாரு?" என்று அவள் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

போன வாரம் டிஸ்க் நிரம்பி வழிந்தது. பெயரில்லாதவற்றை ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிட்டாள். வழக்கமாகச் செய்வதுதான். மறுநாள் ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து போன். வண்டிகளை அனுப்பும் மென்பொருள் அங்கே இரண்டு கணினிகளில் ஓடுகிறது. ஒன்றை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருக்கிறார்கள். அதுவோ, பொட்டலம் கிடைக்கவில்லை என்று முரண்டு பிடிக்கிறதாம்.

"என்ன பேர்ல கேக்குது சார்?"

"பேரா? முழ நீளத்துக்கு நம்பர்தான் இருக்கு."

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சீட்டு போக ஓர் எண்ணும் உண்டு. சீட்டு தாவினாலும் எண் மாறாது. அங்கே யாரோ, சீட்டை விட்டுவிட்டு அந்த எண்ணையே கேட்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். யார், எதற்கு? எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அணித்தலைவர், "அது நம்மளுது இல்லையே" என்றார். டெஸ்டர், "நம்மளுதுதான், ஆனா நான் பாத்ததில்ல" என்றார். அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நிலைய மேலாளர் மறுபடி அழைத்தார். "பழைய மெஷினையும் எடுத்துட்டுப் புதுசு வெச்சிடறோம்மா. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா சரியாயிடும்ல?"

அக்கா அவசரமாகக் குறுக்கிட்டாள். "தொடாதீங்க சார். அந்தப் பொட்டலம் இப்ப அது ஒண்ணுலதான் இருக்கு. ஓடட்டும், நான் வர்றேன்."

வாடகைக் கார் பிடித்துப் போனாள். ஒரே திரையில் எல்லா வண்டிகளும் புள்ளிகளாக நகர்ந்துகொண்டிருந்தன. காதில் ஹெட்போன் மாட்டியிருந்த பெண் திரும்பிப் பார்க்காமலே, "பாத்துக்கா, இதுவும் போச்சுன்னா வண்டிங்களுக்கு நான் எப்படி வழி சொல்றது?" என்றாள். ஓடுவதை நிறுத்தாமல், பழைய கணினியிலிருந்து பொட்டலத்தைத் தன் சர்வருக்கு நகலெடுத்தாள் அக்கா. அதன்பிறகு புதிய கணினி கேட்டது, கிடைத்தது. இரண்டாவது திரையிலும் புள்ளிகள் முளைத்தன.

"எதனாலம்மா இப்படி ஆச்சு?" என்றார் மேலாளர்.

"துடைச்சது நான்தான் சார். ஆனா பேரை விட்டுட்டு நம்பரைக் கேக்க வெச்சது யாரு, எதுக்குன்னுதான் விளங்கல."

அதையும் மாற்றுவதற்காக, நிலையத்தின் கம்ப்யூட்டர் மெக்கானிக் பழைய கணினியை அணைக்க வந்தார். "இனிமே இது வேணாம்ல?"

"வேணாம்தான்" என்றாள் அக்கா. ஆனால் பேரில்லாமல் இன்னும் என்னென்ன இதற்குள் ஓடுகிறதோ என்று, பவர் பொத்தானை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.