கட்டிலுக்கு ஒரு வாக்கியம்

போகிக்குச் சில நாள் முன்பு, உத்திரமேரூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு 'கெட் ரிட் ஆஃப்' நடத்தினேன். வேண்டாததை நம்மிடம் இல்லாமல் செய்வது என்று பொருள் சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். கொசு, எலி, பழைய பாய், பக்கத்து பெஞ்சுக்காரன் என்று வந்தன. பாதிப் பேர் கடைசி 'ஆஃப்'பை விட்டுவிட்டார்கள். திருத்தினேன்.

"உங்க வூட்ல இன்னா மிஸ் போடப் போறீங்க?" என்று முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள். பழைய துடைப்பம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கயிற்றுக் கட்டில். பக்கவாதம் வந்த பிறகு என் நைனா அதில்தான் கிடந்தார். குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கும் உண்டு, அவருக்கு இன்னும் அதிகம். மறுநாள் பாடத்தை நான் உரக்கப் படித்துப் பார்க்கும்போது, ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் கதை கேட்பவர் போல 'உம்' கொட்டுவார். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் நான் தடுமாறினால் 'உம்' வராது.

நைனாவுக்கு வீட்டில் உயிர் போயிருந்தால் கட்டிலை அன்றே வெளியே போட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் இறந்ததால் அது தப்பியது. துக்க வருஷம் என்று போன போகிக்கு நாங்கள் எதையும் கொளுத்தவில்லை. இந்த முறை நைனாவின் தங்கை, என் அத்தை, வந்து நின்றார். வருஷம் திரும்பியும் அதை வைத்திருந்தால் வீட்டில் நல்ல காரியம் எப்படி நடக்கும், இவளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்றார். என் சம்பளத்தில் ஓடும் வீடு, கட்டில் இருக்கும் என்றேன். "பட்ச்ச திமிரு" என்று முனகினார்.

அம்மா என் பக்கம் நிற்பாள் என்று நம்பினேன். அந்தக் கட்டிலை ஒட்டித் தரையில்தான் அவள் இன்னமும் படுத்துவந்தாள்.

"நீ காலைல இஸ்கூலுக்குப் பூடுற. நான்தான் நாளெல்லாம் இத்தப் பாத்துக்கினு கீறேன்," என்றாள். "அவர ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாந்து இதுல படுக்க வெக்கணும்னே தோணிக்கினு கீது. எட்த்துடு."

போகி விடியலில், தெருப் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருக்க, அத்தையும் நானும் கட்டிலைத் தூக்கி வந்து எரிந்துகொண்டிருந்த பாய்களின்மேல் வைத்தோம். கயிறு உடனே பிடித்துக்கொண்டது. அவர் முதுகு பட்டுத் தொய்ந்திருந்த நடுப்பகுதி முதலில் அறுந்து விழுந்தது. அம்மா வெளியே வரவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின சாயங்காலம் பாடத்தை எடுத்துக்கொண்டு, கட்டில் கிடந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மறுநாள் திருப்புதல். கட்டிலை வைத்து ஒரு வாக்கியம் அமைத்து உரக்கச் சொன்னேன். தடுமாறவில்லை, 'ஆஃப்' விடுபடவுமில்லை. பழக்கத்தில், முடித்ததும் கொஞ்சம் நிறுத்தினேன். உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தமும் நின்றது.

பிறகு அடுத்த வரிக்குப் போனேன்.